திட்ட அறிக்கையில் விடுபடும் தொண்ணூறு நாட்கள்

தலித் தொழில்முனைவோர் வங்கிக்குக் கொண்டுசெல்லும் திட்ட அறிக்கைகள் பலவற்றில் இயந்திரங்களின் விலை துல்லியமாக இருக்கும். நடைமுறை மூலதனமோ ஒரே வரியில் முடிந்துவிடும். அரசின் மானியங்கள் பெரும்பாலும் கட்டடம், இயந்திரம் ஆகியவற்றையே மையமாகக் கொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35 விழுக்காடு மூலதன மானியமும் (உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய்) 6 விழுக்காடு வட்டி மானியமும் வழங்குகிறது. தேவையான திட்டம்தான். ஆனால் இயந்திரம் வந்திறங்கிய பிறகு மூலப்பொருளுக்கும் கூலிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதை அறிக்கைதான் சொல்லியாக வேண்டும்.

ஆம்பூரில் காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தோல் முதலிய பொருட்களுக்கு மாதம் 3 லட்சம், கூலி 1.5 லட்சம், வாடகையும் மின்கட்டணமும் 50 ஆயிரம். ஆக 5 லட்சம் செலவு. விற்பனை 6 லட்சம். தாளில் இது இலாபமான தொழில். முதல் மாதச் சரக்கை மாத இறுதியில் அனுப்பி, 90 நாட்கள் கழித்துப் பணம் வருமெனில், அதற்குள் 20 லட்சம் கையைவிட்டுப் போயிருக்கும். கடன் தவணை தனி. வணிகச் சாதியில் பிறந்தவர் இந்த இடைவெளியை உறவினரின் கைமாற்றாலும் மூலப்பொருள் வணிகர் தரும் தவணையாலும் கடக்கிறார். எந்த அறிக்கையிலும் எழுதப்படாத மூலதனம் அது. அது வாய்க்காதவர் கந்துவட்டிக்குப் போகிறார், அல்லது நான்காம் மாதத்தில் கதவடைக்கிறார்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே கொள்முதலாளரை நம்பியிருப்பவர் அவர்மீது புகார் கொடுப்பாரா? எனவே அறிக்கையைச் சட்டத்தின் கெடுவை வைத்தன்று, சந்தையின் வழக்கத்தை வைத்தே எழுத வேண்டும். முதல் ஆண்டின் பன்னிரண்டு மாத வரவுசெலவையும் தனித்தனியே காட்டி, பற்றாக்குறை எந்த மாதத்தில் உச்சம் தொடுகிறதோ அத்தொகையை நடைமுறை மூலதனக் கடனாக, இயந்திரக் கடனோடு சேர்த்தே கேட்க வேண்டும். தவணை தொடங்குமுன் தேவைப்படும் கால அவகாசத்தையும் அதே கணக்கிலிருந்து கோரலாம்.

சந்தை பற்றிய பகுதியில் 2012ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் ஆணை பயன்படும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க இலக்கு வைத்துள்ள ஆணை அது. எந்த நிறுவனம், எந்தப் பொருளை வாங்குகிறது என்று பெயர் சொல்லி எழுதினால்தான் அதற்கு மதிப்பு. இடம் பற்றிய பகுதியும் அப்படித்தான். சாதி தெரிந்ததும் வாடகைக்கு மறுக்கப்படும் ஊர்களில் வாய்மொழி ஒப்புதல் போதாது. பதிவு செய்த குத்தகையோ சிட்கோ மனையோ உறுதியான பிறகே முகவரியை எழுதுவது நல்லது.

தணிக்கையாளர் அச்செடுத்துத் தரும் வார்ப்பு அறிக்கைகளில் இவை எதுவும் இராது. மேலாளர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்: பட்டியல் சாதி, பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலை அலுவலரே காரணம் குறிப்பிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்.