தூசு உறிஞ்சி: பிறந்த கதையும் வாங்கும் முறையும்

தாயகத்தில் எமது வீடுகளின் தரை சாணத்தால் மெழுகியதாகவோ சீமெந்து பூசியதாகவோ இருந்தது. தும்புத்தடியும் ஈர்க்கு விளக்குமாறும் அதற்குப் போதுமானவை. கூட்டிய தூசி வாசலைக் கடந்து முற்றத்திற்குப் போயிற்று. எஞ்சியதைக் காற்று கொண்டு சென்றது. குளிருக்காகக் கதவும் யன்னலும் அடைத்து, சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம் விரித்த ஐரோப்பிய வீட்டில் தூசிக்கு அந்த வழி இல்லை. கூட்டினால் அது எழும்; எழுந்தபின் மீண்டும் அதே கம்பளத்தில் படியும், அல்லது குழந்தையின் மூச்சோடு உள்ளே செல்லும். இதனாலேயே புலம்பெயர்ந்த குடும்பங்கள் முதலில் வாங்கும் பொருட்களுள் 'வக்கியூம் கிளீனர்' எனப்படும் தூசு உறிஞ்சியும் ஒன்றாகின்றது. அவற்றுள் எது நம்பகமானது என்று அறிய விரும்புவோர், அக்கருவி எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் அறிதல் நன்று.

1876இல் அமெரிக்காவின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் பாத்திரக்கடை நடத்திவந்த மெல்வில் பிஸ்ஸல் என்பவர், உருளும் தூரிகை பொருத்திய கம்பளக்கூட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1889இல் அவர் மறைந்தபின் அவருடைய மனைவி அன்னா பிஸ்ஸல் அந்நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தினார். ஆயினும் அக்கருவி தூசியை உறிஞ்சவில்லை. வாரிப் பெட்டிக்குள் தள்ளியது. நுண்ணிய தூசி அதன் கைக்கு எட்டவில்லை.

இலண்டனில் வாழ்ந்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளரே திசையை மாற்றியவர். காற்றை ஊதித் தூசியை வெளியேற்றும் இயந்திரம் ஒன்றின் செயல்விளக்கத்தை அவர் பார்த்தார். ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. உணவகம் ஒன்றில் நாற்காலியின் மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார் என்றும், துணியின் மறுபுறத்தில் தூசி படிந்திருந்தது என்றும் சொல்லப்படுகின்றது. அந்தக் கைக்குட்டையே வடிகட்டி: காற்றைச் செல்லவிட்டுத் தூசியை மட்டும் தடுத்து நிறுத்துவது. 1901இல் அவர் பெற்ற காப்புரிமையின் அடிப்படை இதுவே. எனினும் அவருடைய இயந்திரம் பெற்றோலில் இயங்கியது. குதிரை பூட்டிய வண்டியில் வந்து வீதியில் நின்றது. நீண்ட குழாய்கள் யன்னல் வழியே வீட்டினுள் சென்றன. 1902இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்யும் வாய்ப்பு அதற்குக் கிடைத்தது. செல்வந்தர் அதனை வரவழைத்தனர். ஏழைகளுக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது.

அதனைச் சாதாரண வீட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கான்ரன் நகரில், பெருங்கடை ஒன்றில் பணிபுரிந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் தொய்வு நோயினால் அவதிப்பட்டார். தாம் கூட்டும் தூசியே தம் நெஞ்சை அடைக்கிறது என்பதை உணர்ந்து, 1907இல் மின்விசிறியின் மோட்டார், சவர்க்காரப் பெட்டி, விளக்குமாற்றுத் தடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஒரு கருவியை ஆக்கினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதனைத் தம் வீட்டில் பாவித்துப் பார்த்த சூசன் ஹூவர் என்ற பெண்மணி கணவரிடம் எடுத்துரைத்தார். குதிரைச் சேணம் முதலிய தோற்பொருட்களைச் செய்துவந்த வில்லியம் ஹென்றி ஹூவர் அவ்வாண்டிலேயே உரிமையை வாங்கினார். பிரித்தானியாவில் இன்றும் இவ்வேலையைக் குறிக்க 'ஹூவர்' என்ற பெயரே வினைச்சொல்லாக வழங்குகின்றது. ஸ்பாங்லர் 1915இல் காலமானார்.

தொய்வுகாரர் ஒருவர் தம் மூச்சைக் காக்கச் செய்த கருவி இது என்பதை நாம் மறத்தலாகாது. உள்ளே சென்ற தூசி உள்ளேயே நிற்கிறதா, ஆண்டு பல சென்றாலும் நிற்குமா என்பதே இதன் நம்பகத்தன்மைக்கு உரைகல். மற்றவை யாவும் விற்பனையாளர் பின்னர் சேர்த்தவை.

அவ்வாறு சேர்த்தவற்றுள் முதலாவது வீடுதேடி வரும் விற்பனை. 1919இல் சுவீடனில் அக்ஸல் வென்னர்-கிரென் நிறுவிய எலெக்ரோலக்ஸ், தரையில் இழுத்துச் செல்லும் உருளை வடிவக் கருவியை 1921இல் வெளியிட்டு, முகவர்கள் மூலம் வாசல்தோறும் விற்றது. செயல்விளக்கம் காட்டித் தவணைப் பணத்தில் விற்கும் அம்முறை எமது வீட்டு வாசல்களையும் விட்டுவைக்கவில்லை. மொழி முழுதாய் விளங்காத நிலையில், மரியாதைக்காகக் கையொப்பமிட்டுப் பல ஆண்டுகள் கடன் செலுத்தும் குடும்பங்களுக்கு ஒன்றைச் சொல்வோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும் 2014 முதலும், சுவிற்சர்லாந்தில் 2016 முதலும், வாசலில் செய்த இத்தகைய கொள்வனவைப் பொதுவாக 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் இரத்துச் செய்யலாம். அதற்குக் காரணம் கூறத் தேவையில்லை.

இரண்டாவது இலவசம். 1992இல் பிரித்தானியாவில் ஹூவர் நிறுவனம், 100 பவுணுக்கு மேல் பொருள் வாங்குவோருக்கு இரண்டு விமானப் பயணச்சீட்டுகள் தருவதாக அறிவித்தது. கருவி தேவைப்படாதவரும் சீட்டுக்காக வாங்கினர். நிறுவனத்திற்கு ஏறத்தாழ 5 கோடி பவுண் செலவாயிற்று. சீட்டுக் கிடையாதோர் நீதிமன்றம் சென்றனர்.

மூன்றாவது 'வாட்' எண். வாட் என்பது கருவி செலவிடும் மின்சாரத்தின் அளவேயன்றி, உறிஞ்சும் வலுவின் அளவன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் 1600 வாட் எனவும், 2017இல் 900 வாட் எனவும் உச்சவரம்பு விதித்தது. நன்கு அமைந்த கருவிகள் அந்த வரம்புக்குள்ளும் நன்றாகவே உறிஞ்சுகின்றன. அக்காலத்தில் ஒட்டப்பட்ட தரச்சீட்டும் 2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தால் இரத்தாயிற்று. வெறுமையான பையுடன் கருவியைச் சோதித்து முடிவு கண்டமையே அதற்குக் காரணம்.

அவ்வழக்கைத் தொடுத்தது ஜேம்ஸ் டைசனின் நிறுவனம். பையின் நுண்துளைகள் தூசியால் அடைபட, உறிஞ்சும் வலு குன்றுவதை 1978இல் கண்ட அவர், 5127 மாதிரிகளைச் செய்துபார்த்து, காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் பையில்லாக் கருவியை உருவாக்கினார். பிரித்தானியாவில் அவரது முதற் கருவி 1993இல் விற்பனைக்கு வந்தது. பை வாங்கும் செலவு அதில் இல்லை. ஆனால் பெட்டியைக் கொட்டும்போது தூசி பறக்கும். எனவே தொய்வுள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, வாய் மூடிக்கொள்ளும் பையுள்ள கருவியே உகந்தது.

வாங்கச் செல்வோர் கடையில் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். முதலாவது, வடிகட்டி 'ஹெப்பா' வகையினதா? 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் 99.97 வீதத்தைத் தடுப்பது அதன் தரம். ஆனால் மூடியிலும் குழாய்ப் பொருத்துகளிலும் இடைவெளி இருந்தால் அத்தரத்தால் பயனில்லை. இரண்டாவது, பை, வடிகட்டி, குழாய், தூரிகை ஆகிய உதிரிப்பாகங்கள் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கிடைக்குமா? மூன்றாவது, மோட்டார் எத்தனை மணிநேரம் உழைக்கும்? 500 மணிநேரமாவது உழைக்க வேண்டும் என்பது 2017 முதல் ஐரோப்பிய ஒன்றிய விதி. நான்காவது, மாடிப்படியில் அதைத் தூக்கிச் செல்ல வீட்டிலுள்ள பெண்களாலும் முதியோராலும் முடியுமா? பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய பொருளின் குறைபாட்டுக்கு விற்றவர் குறைந்தது 2 ஆண்டுகள் பொறுப்பாவார்.

எத்தனை சிறந்த கருவியானாலும் வேலை நடக்கையில் சிறிது தூசி எழவே செய்யும். அவ்வேளையில் நோயுள்ள பிள்ளையை வேறு அறையில் இருத்தி, குளிரானாலும் யன்னலைச் சிறிது நேரம் திறந்து வைத்தல் வேண்டும். படுக்கை விரிப்புகளை 60 பாகை வெந்நீரில் கழுவுதலும் அவசியம். மெத்தையில் வாழும் நுண்ணுயிர்களை உறிஞ்சியால் மட்டும் ஒழிக்க முடியாது.

கடன்பட்டு வாங்கும் பெரிய பெயரைவிட, கையிலுள்ள பணத்தில் வாங்கி, உரிய காலத்தில் பையும் வடிகட்டியும் மாற்றப்படும் எளிய கருவியே குடும்பத்தின் மூச்சைக் காக்கும்.