வால்பாறை ரோடும் கண்ணுக்குத் தெரியாத வழுக்கலும்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பேரன் பேத்திகளிடம் கேட்டுப் பாருங்கள், 'பிளாக் ஐஸ்' என்பார்கள். பெயர்தான் கறுப்பு. உண்மையில் கண்ணாடி மாதிரி மெல்லிய பனிக்கட்டி. அடியில் இருக்கும் தார் அப்படியே தெரிவதால், ரோடு சும்மா ஈரமாக இருக்கிறது என்று புதிதாக ஓட்டுகிறவர் நினைத்துவிடுவார். ஏமாறுவது அங்கேதான்.

வால்பாறையில் ரோட்டுத் தண்ணீர் உறைவதில்லை. ஆனால் அதே ஏமாற்று இங்கேயும் உண்டு. வெயில் காலம் முழுக்கத் தாரில் படிந்த ஆயிலும் டயர்த் தூளும் முதல் தூறலில் மேலே மிதக்கும். பெருமழை கழுவிவிடும், தூறல் கழுவாது. சோலை நிழலில் நாள் கணக்கில் காயாத வளைவுகளில் பாசி வேறு.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். இது காருக்காக வகுத்த பாதையே அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார் காட்டை அழித்துத் தோட்டம் போட்டபோது, அரிசி மேலே ஏற வேண்டும், விளைச்சல் கீழே இறங்க வேண்டும். செங்குத்தாகப் போட்டால் மாடு ஏறாது. இறக்கத்தில் பாரம் மாட்டையே தள்ளிவிடும். அதனால்தான் வளைத்து வளைத்து ஏற்றினார்கள். பாதை போட்ட லோம் துரையின் பெயர் 9ஆவது வளைவில் 'லோம்ஸ் வியூ' என்று நிற்கிறது. பாறை உடைத்த கூலிகள் பெயரில் ஒரு வளைவுகூட இல்லை.

இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து இறங்குவது மாட்டுவண்டிக்காரர் வழக்கம். லாரிக்காரர்கள் அதையே, ஏறின கியரிலேயே இறங்கு என்றார்கள். இப்போது வாடகைக் காரில் வரும் பிள்ளைகள் ஆட்டோமேட்டிக்கை 'டி'யில் போட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். 'எல்' என்றோ கைக் கியர் முறை என்றோ அதில் இருக்கிறதே, அதற்குத்தான்.

வழுக்கும் வளைவுக்குள் பிரேக்கை அழுத்தக் கூடாது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வழுக்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்பாமல் போக வேண்டிய பக்கமே பார்க்க வேண்டும். பிளாக் ஐஸுக்கும் அங்கே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். குறுகலான இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும், சட்டமும் அதுவே.

கவர்க்கல்லில் மூட்டம் இறங்கினால் ரோட்டோரம் நிற்கும் கார்வர் மார்ஷ் சிலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்போது ஹை பீம் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். லைட்டைத் தாழ்த்தி, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி உருட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.