பொற்கூட்டுக்குள் ஒரு காலவரைவி: அசலும் போலியும்

பழைய தங்கக் கைக்கடிகாரம் ஒன்றைக் கையில் ஏந்தி "இது அசல்தானா?" என்று வினவுவோர், தாம் ஒன்றுக்கு மேற்பட்ட கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டுவிடுவதை அறிவதில்லை. பொன் மெய்யானதாக இருந்து முகப்பு பொய்யாக இருக்கலாம். முகப்பும் பொன்னும் மெய்யாக இருந்து, உள்ளிருக்கும் இயந்திரம் வேறொரு கடிகாரத்திலிருந்து பெயர்த்துவைக்கப்பட்டதாகவும் இருக்கலாம். இக்குழப்பத்தை விளக்க, முகப்பில் பிரெஞ்சு மொழியில் 'குரோனோகிராஃப் சுவிஸ்' என்று மட்டும் எழுதப்பெற்று, 1940களிலும் 1950களிலும் பெருந்தொகையாக விற்கப்பட்ட தங்கக் கடிகாரங்களே தக்க சான்றுகள். இன்றும் பல நாடுகளில் பழைய குடும்பங்களின் பேழைகளில் அவை உறங்குகின்றன.

முதலில் பெயரை நோக்குவோம். குரோனோகிராஃப் என்னும் கிரேக்கச் சொற்கூட்டுக்குக் காலத்தை எழுதுவது என்று பொருள். 1821இல் பாரிஸ் குதிரைப் பந்தயங்களில் நிக்கோலா ரியூசெக் பயன்படுத்திய கருவி மெய்யாகவே எழுதியது. சுழலும் முகப்பின்மேல் மைத்துளி இட்டு ஒவ்வொரு குதிரையும் எல்லையைத் தொட்ட கணத்தைக் குறித்தது. லூயி முவானே 1816இலேயே நொடியின் 60இல் ஒரு பங்கை அளக்கும் கருவியைச் செய்துமுடித்திருந்தார் என்பது அண்மைக் காலத்தில்தான் உலகுக்குத் தெரியவந்தது. அக்கருவி எதையும் எழுதவில்லை. ஆயினும் எழுதாத கருவிகளுக்கும் எழுதும் கருவியின் பெயரே நிலைத்துவிட்டது. பொருள் தேய்ந்தும் சொல் வாழ்வது நம் மொழியிலும் காணாததா என்ன?

முள்ளை ஒரே அழுத்தத்தில் தொடக்கப் புள்ளிக்குத் திருப்பும் இதயவடிவத் தகட்டுக்கு அடால்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்றார். கைக்கடிகாரங்களில் தொடக்கமும் நிறுத்தமும் ஒரு பொத்தானுக்கும், முள் திருப்பல் இன்னொரு பொத்தானுக்கும் என்று பிரிந்தது 1934இல், பிரைட்லிங் நிறுவனத்தின் வழியாக. ஆகவே இரு பொத்தான்கள் கொண்ட கைக்கடிகாரத்தை "முதல் உலகப் போர்க்காலத்துப் பொருள்" என்று ஒருவர் விற்க வந்தால், மேற்கொண்டு ஆராய வேண்டிய தேவையே இல்லை.

இனி நம் 'குரோனோகிராஃப் சுவிஸ்'. இது எந்த நிறுவனத்தின் பெயர் என்று தேடிச் சலித்தவர் பலர். இது நிறுவனமே அன்று. 'சுவிட்சர்லாந்துக் காலவரைவி' என்னும் பொதுப்பெயர். சிறு பட்டறைகள் பல, கூட்டை ஓரிடத்தும் முகப்பை வேறோரிடத்தும் இயந்திரத்தை மற்றோரிடத்தும் வாங்கிப் பூட்டி விற்றன. இயந்திரம் பெரும்பாலும் லாண்டரோன் 48 என்னும் வகை. நியூஷாட்டல் மாநிலத்து லாண்டரோன் ஊரில் 1937 முதல் ஏறத்தாழ 1970 வரை அது உருவாக்கப்பட்டது. தூண்சக்கரம் என்னும் செலவுமிக்க உறுப்பை விடுத்து, அச்சில் வெட்டியெடுத்த தகடுகளால் இயங்கியமையால் விலை குறைந்தது. அதற்கு ஒரு தனிப் பழக்கமும் உண்டு: மேற்பொத்தான் தொடக்க மட்டுமே செய்யும், நிறுத்துவதும் முள்ளைத் திருப்புவதும் கீழ்ப்பொத்தானின் வேலை. இதை அறியாத விற்பனையாளர் மேற்பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துப் "பழுது" என்று விலையைக் குறைப்பதுண்டு, வாங்குவோருக்கு ஆதாயம்தான். பின்னர் வந்த லாண்டரோன் 51இல் மேற்பொத்தானே தொடக்கத்தையும் நிறுத்தத்தையும் ஏற்றுக்கொண்டது. எந்த வகை என்பதைப் பின்மூடியைத் திறந்து, பாலன்ஸ் சக்கரத்தின் அடியில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டு அறியலாம்.

உள்ளே பிறர் செய்த இயந்திரம் இருப்பதாலேயே கடிகாரம் போலி ஆகிவிடாது என்பதை இங்கு வற்புறுத்த வேண்டும். பட்டேக் ஃபிலிப் 1941இல் வெளியிட்ட 1518 என்னும் தங்கக் காலவரைவிக்குக்கூட அடிப்படை இயந்திரம் வால்ஜூவிடமிருந்தே வந்தது. மொத்தம் 281 மட்டுமே செய்யப்பட்டதாகக் கருதப்படும் அவற்றுள் ஒரு சில எஃகினால் ஆனவை. 2016இல் ஜெனீவாவில் எஃகு 1518 ஒன்று 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்கிற்கு ஏலம் போனது. தங்கம் எஃகிடம் தோற்ற இடம் அது!

பொன்னைச் சோதிப்பது எளிதென்றே பலரும் எண்ணுகின்றனர். முகப்பிலோ மூடியிலோ '18 கே, 0.750' என்றிருந்தால் போதுமா? எழுத்தை எவரும் வெட்டலாம். சுவிஸ் அரசின் 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 கேரட் கூட்டில் ஹெல்வேஷியா என்னும் நாட்டு அன்னையின் தலையும், 14 கேரட்டில் அணிலும் முத்திரையாக இடப்பெற்றன. 1995 முதல் இவற்றின் இடத்தைப் புனித பெர்னார்ட் நாயின் தலை பிடித்தது. 1950களின் கடிகாரம் என்று சொல்லப்படுவதில் நாய்த்தலை இருந்தால், அது எவ்வாறு அங்கு வந்தது என்பதை விற்பவர்தான் விளக்க வேண்டும். '20 மைக்ரான்' என்றிருந்தால் அது முலாம், ஐயமே வேண்டா.

உரைகல்லில் தேய்த்தால் மேற்பரப்பின் மாற்று தெரியும்; ஆழம் தெரியாது. நம் கடிகாரங்களில் ஆழம் என்பதே அரிது. பொன்னை மெல்லிய தகடாக அழுத்தி, உள்ளே தாழ்ந்த உலோகச் சட்டத்தைத் தாங்குதலாக வைத்துக் கூட்டைச் செய்தனர். பெரிதாகத் தோன்றும், பொன்னோ சிறிதே. இது மோசடி அன்று, மலிவாக்கும் உத்தி. மெருகேற்றும் கடைக்காரர் சிலமுறை சக்கரத்தில் பிடித்தாலே கூடு தேய்ந்து, முத்திரையும் மறைந்துவிடும். முத்திரை அழிந்த அசலைவிடக் கூர்மையான முத்திரை கொண்ட போலி நம்பத்தக்கதாகத் தோன்றுவது இதனால்தான்.

முகப்பைப் படிப்பதே நம்மைப் போன்ற ஏட்டுக்காரர்களுக்கு இன்பம் தரும் பகுதி. 1440இல் லொரன்சோ வல்லா, கான்ஸ்டன்டைன் பேரரசரின் கொடைப்பத்திரம் போலி என நிறுவியபோது, அப்பேரரசர் காலத்தில் வழங்கியிருக்க முடியாத சொற்களைச் சுட்டிக் காட்டினார். கடிகார முகப்பிலும் அவ்வழி செல்லலாம். பழைய முகப்புகளில் இருளில் ஒளிர ரேடியம் பூசினர். 1960களில் அதன் இடத்தை டிரிடியம் பிடித்தது. அதைக் குறிக்க, அடியில் 'சுவிஸ்' என்னும் சொல்லின் இருபுறமும் 'டி' என்னும் ஆங்கில எழுத்தைச் சிறிதாகப் பொறித்தனர். 1940களின் கடிகாரமென்று காட்டப்படுவதில் அவ்வெழுத்து இருப்பின், முகப்பு பின்னாளையது. இடைச்செருகல் என்போமே, அதுதான். ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டுகள். எனினும் அதனுடன் கலந்த ஒளிர்பொருள் சில பத்தாண்டுகளில் சிதைந்துவிடும். எனவே பழைய முகப்பு இருளில் ஒளிராது, ஆனால் கதிர்வீச்சுமானி அதன் அருகே துடிக்கும். இரவெல்லாம் பளிச்சென்று ஒளிரும் 'பழைய' முகப்பு புதுப்பூச்சு பெற்றதே. ரேடியம் பூசிய முகப்பைச் சுரண்டிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அத்தூள் நுரையீரலுக்குப் பகை.

பாகங்கள் யாவும் பழையனவாக இருந்தும் முழுமை பொய்யாகும் நிலை ஒன்றுண்டு. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் எனப்பட்ட எஃகுக் காலவரைவி 31 லட்சம் பிராங்கிற்கு மேல் விலைபோனது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023இல், அது பெரும்பாலும் அசல் பாகங்களைப் பல கடிகாரங்களிலிருந்து திரட்டிப் பூட்டியது என்றும், தன் முன்னாள் ஊழியர் மூவருக்கு இதில் தொடர்புண்டு என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. செய்தவர் வீட்டிலேயே இந்நிலை என்றால், பெயரற்ற பட்டறைகளின் 'குரோனோகிராஃப் சுவிஸ்' கடிகாரங்களுக்கு எவர் சான்று கூறுவார்? அவற்றுக்கு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தொழிற்சாலைப் பேரேடு என்று ஒன்று இல்லை. கூட்டின் தேய்மானமும் முகப்பின் நிறமும் இயந்திரத்தின் அழுக்கும் ஒரே அகவையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது ஒன்றே வழி.

அவ்வாறு பார்க்கவும் இனி நெடுங்காலம் வாய்ப்பிராது போலும். தங்கத்தின் விலை ஏறும்போதெல்லாம் இவற்றின் மெல்லிய கூடுகள் உருக்குக்குப் போகின்றன. கூட்டை இழந்த லாண்டரோன் இயந்திரங்கள் தனியே விலைக்கு வருகின்றன; அவற்றை வாங்குவோர் புதிய கூடுகளில் பூட்டுகின்றனர்; நாளை நம்மிடம் "அசல்தானா?" என்று நீட்டப்படுபவற்றுள் அவையும் இருக்கும். வீட்டில் அப்படியொன்று இருப்பின், நகைக்கடைத் தராசுக்குக் கொண்டுபோகும் முன் பின்மூடியைத் திறக்கத் தெரிந்த கடிகாரக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். மெருகேற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.