குழை தாழ்த்திய தோட்டமும் யூரியா வந்த காலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையினூடாக இறங்கி நிலத்தடியில் தேங்குகின்றது. குடிப்பதற்கும் தோட்டத்திற்கு இறைப்பதற்கும் அந்த நீரே ஆதாரம். எனவே இங்கு மண்ணில் இடப்படுவது பிந்தியேனும் கிணற்றை வந்தடையும். எமது பசளையின் வரலாற்றை இந்த உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில், வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கான எரு பெரும்பாலும் ஊருக்குள்ளேயே கிடைத்தது. பயிர் எடுத்த நிலத்தில் ஆடு மாடுகளை இரவில் பட்டியடைத்தனர். பூவரசு, கிளுவை, காவிளாய் முதலியவற்றின் குழையை வெட்டி மண்ணுள் தாழ்த்தினர். வீடு வேய்ந்தும் வேலி அடைத்தும் பழையதாகிய பனையோலையும் இறுதியில் தோட்டத்திற்கே சென்றது.

அதே வேலி அடுக்களைக்கும் உதவியது. வேலியில் நின்ற முருங்கையின் இலையும், சண்டியிலையும், படர்ந்த முசுட்டையும் தேங்காய்ப்பூச் சேர்த்த வறைகளாயின. கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. வாழைப்பூ வறைக்கும் வாழைக்காய் பாற்கறிக்கும் ஆயின. மரக்கறித் தோலும் கழுநீரும் மாட்டுக்கு; சாணமும் சாம்பலும் மீண்டும் மண்ணுக்கு. சமையலும் விவசாயமும் ஒரே வளவுக்குள் நடைபெற்ற ஒரே தொழிலாக இருந்தன.

இலங்கையில் பசளை மானியம் 1962இல் ஆரம்பமாயிற்று. 1970 - 1977 காலப்பகுதியில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. யூரியா மூடைகளும் பெருகின. விவசாயியை இதற்காகக் குறைகூற முடியாது. குழை வெட்டிச் சுமந்து தாழ்ப்பது முதுகை முறிக்கும் வேலை. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஒரு மூடையை ஒருவர் சைக்கிளில் கொண்டு வந்துவிடலாம். ஆயினும் பயிர் உறிஞ்சாது எஞ்சியது நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளின் கிணறுகள் பல அந்த எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டின. அந்த நீரில் கரைத்த பால்மா கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கக்கூடியது.

இரசாயனப் பசளை இருமுறை திடீரென மறிக்கப்பட்டது. முதலாவது, 1990ஆம் ஆண்டின் பின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை. வெடிபொருளாகக்கூடும் எனக் கூறி யூரியா மறுக்கப்பட்டது, மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. மக்கள் துலாவுக்கும் குழைக்கும் திரும்பினர். அந்த வேலை தெரிந்தவர்கள் அப்போது உயிருடன் இருந்தனர். வேலிகளும் மாடுகளும் இருந்தன. ஆனாலும் அது தெரிவு அன்று, தண்டனை.

இரண்டாவது, 2021 மே மாதம் முழு நாட்டுக்கும் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை. 2019 தேர்தலில் பத்தாண்டுகளில் மாறுவதாக வாக்களித்தவர்கள், அதனை ஒரே வர்த்தமானியில் செய்ய முயன்றனர். அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. அதற்கு முன்னரே, நவம்பரில், தடையைக் கைவிட வேண்டியதாயிற்று. தடைக்குக் கூறப்பட்ட காரணங்களில் மக்களின் உடல்நலமும் ஒன்று. அக்கவலை பொய்யன்று என்பதற்கு எமது கிணறுகளே சாட்சி. பிழைத்தது வழி.

பசளையை ஒரு கையொப்பத்தால் நிறுத்திவிடலாம். பட்டியையும் வேலியையும் கையொப்பத்தால் உண்டாக்க முடியாது. இன்று எமது ஊர்களில் பல வேலிகள் மதில்களாகிவிட்டன. மதிலில் குழையும் இல்லை, வறைக்கு இலையும் இல்லை. இயற்கை விவசாயம் பற்றிப் பேசுகின்றவர்கள் முதலில் ஒரு கிளுவைக் கதியாலை நடட்டும். பக்கத்தில் ஒரு முருங்கையையும் நடட்டும்.