மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளையும் நம்ம ஊர் கொறங்காடும்

காட்டுயிர் போட்டோ என்றால் டாப்ஸ்லிப், வால்பாறை, முதுமலை என்று மலை ஏறித்தான் எடுக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் வேறு ஒரு பாதையும் தெரிகிறது.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் எஃப்.டபிள்யூ. சாம்பியன். வட இந்தியக் காடுகளில் வன அதிகாரி. செத்த புலி பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று படம் எடுத்துக்கொள்வது பெருமையாக இருந்த காலம் அது. இவரோ புலி நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டினார். புலி அதை மிதித்தால் ஃபிளாஷ் எரியும், கேமரா தானே படம் எடுக்கும். 1925-ல் அந்தப் படங்கள் லண்டன் பத்திரிகையில் வந்தன. 1927-ல் புத்தகமே வந்துவிட்டது. வரிகளை வைத்து ஒவ்வொரு புலியையும் தனியாக அடையாளம் காணலாம் என்பதும் அப்போதே அவருக்குப் பிடிபட்டது. இன்றைய புலிக் கணக்கெடுப்பு நிற்பது இதே அடிப்படையில்தான்.

நம்ம பக்கம் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தாவரவியல் படித்தவர். முதுமலையில் பழக்கிய யானை மேல் உட்கார்ந்தே காட்டு யானைகளைப் படம் எடுத்தார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய கள ஆய்வு 1975-ல் நூலாக வந்தது. ஆனால் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் சாகும்வரை, 46 வருடம் எழுதிய பத்தியில் யானைக்குச் சமமாக காக்காய், அணில், ஓணான், ஆடு எல்லாம் வரும். வீட்டு வாசலில் இருப்பதும் கவனிக்கத் தக்கது என்பது அவர் கணக்கு. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்த தியடோர் பாஸ்கரன் பிறந்தது, காங்கேயத்துக்குப் பக்கத்திலிருக்கும் தாராபுரத்தில்!

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். நம்ம கொறங்காடு: மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். வேலி இருப்பதால் மாடு மேய்க்கத் தனி ஆள் வேண்டாம். கோடையில் வெள்வேலங்காய் மாட்டுக்குத் தீனி. காங்கேயம் காளை வளர்ந்தது இந்தப் புல்லில்தான். வேலிக்குள் கௌதாரி, கீரி, முயல், ஓரத்தில் ஆவாரை. வேலியில் தானாகப் படர்ந்த செங்காந்தளை இன்று கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள்.

காளைக்குப் படம் ஏராளம். காடு அதில் வெறும் பின்னணி. ஒரு கொறங்காடு மனையாகவோ சோலார் பேனல் தளமாகவோ மாறிவிட்டால், முன்னால் அங்கே என்ன இருந்தது என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் நேரம் பதியாத லாக் ஃபைலால் பிரயோஜனம் இல்லை. படத்துக்கும் அதேதான். பெரிய லென்ஸ் வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். ஒரே வேலி மூலையில் நின்று, மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று; தேதியும் ஊர்ப் பெயரும் சேர்த்து வையுங்கள். பத்து வருடம் எடுத்தால் இருபது படம். அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த நிலத்துக்கு அது ஒரு ஆவணம்.