ஆவடி டாங்கியின் மூச்சு



ஆவடியில் தயாராகும் டி-90 டாங்கியின் என்ஜினுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது என்றால் நம்புவீர்களா? டாங்கி புதுசுதான். ஆனால் அந்த என்ஜினின் எலும்புக்கூடு 1930-களின் கடைசியில் சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் உருவானது. பெயர் வி-2. 12 சிலிண்டர், டீசல், கொள்ளளவு 38.8 லிட்டர். ஹிட்லரின் படையை எதிர்த்து நின்ற டி-34 டாங்கியில் இருந்தது அதுதான். அப்போது அதன் சக்தி 500 குதிரைத்திறன்.

அதே குடும்பம் டி-55-க்கு வந்தபோது 580. டி-72-இல் 780. டி-90-இல் 1000. இத்தனைக்கும் சிலிண்டர்களின் கொள்ளளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பிறகு எப்படி இரட்டிப்பானது? முக்கியமான விடை, காற்று.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். காற்று போதாவிட்டால் கரும்புகைதான் மிச்சம். பழைய என்ஜின்களில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வரும்; நாம் மூச்சு இழுப்பது போல. அதற்கு மேல் வராது. 1971 போரில் நம் படை ஓட்டிய டி-55 அந்த ரகம்.

டி-72-இல் ஒரு காற்று ஊதியைச் சேர்த்தார்கள். கொல்லன் துருத்தி மாதிரி. ஆனால் அதைச் சுழற்றுவது என்ஜினேதான், பல்சக்கரம் வழியாக. துருத்தி மிதிக்கிற ஆளுக்குக் கொல்லன்தானே கூலி கொடுக்க வேண்டும்? அதுபோல என்ஜின் தன் சக்தியில் ஒரு பங்கை ஊதிக்கே இழந்துவிடும். டி-90-இன் வி-92 என்ஜினில் அந்த வேலையை டர்போ செய்கிறது. வெளியே வீணாகப் போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். புகையே துருத்தி மிதிக்கிறது.

இந்த யோசனை சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை பெற்றது. அதன் அருமையை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ். 1918-இல் லிபர்ட்டி விமான என்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். தரையில் 350 குதிரைத்திறன் தந்த என்ஜின் அங்கே 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவை இணைத்ததும் 356! நம் லடாக் எல்லையை நினைத்துக்கொண்டு இந்த எண்களை மறுபடி படியுங்கள். அங்கே டாங்கி மூச்சு வாங்கினால் உள்ளே இருக்கும் மூன்று பிள்ளைகளின் உயிர் என்னாவது?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் தம் மஸ்டா ஆர்.எக்ஸ்-8 காருக்கு டர்போ மாட்டலாமா என்று கேட்டிருந்தார். பிஸ்டனே இல்லாமல் முக்கோணச் சுழலி சுற்றும் வாங்கல் என்ஜின் அது. தம்பி, உன் என்ஜினின் புகை மிகச் சூடு, வேகமும் அதிகம். டர்போவுக்கு நல்ல தீனி. மஸ்டாவே 1980-களில் ஆர்.எக்ஸ்-7-க்கு டர்போ வைத்தது. ஆனால் அதற்கென்று அழுத்த விகிதத்தைக் குறைத்த சுழலிகளைப் போட்டது. உன் வண்டி இயற்கை மூச்சுக்காகவே செய்தது. அளவு மீறி ஊதினால் பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும். சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய சீல்கள் உடையும். டர்போ விலை மட்டும் கணக்குப் போடாதே. (வாங்கல் என்ஜின் நம் நாட்டுக்கும் புதிதல்ல. 55 குதிரைத்திறனில் இங்கேயே செய்த ஒன்று, 2009-இல் கோலாரில் நிஷாந்த் ஆளில்லா விமானத்தைப் பறக்கவைத்தது.)

ஆவடிக்குத் திரும்புவோம். 'ஆவடி' என்பது டாங்கிக் கிடங்கின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961-இல். காங்கிரசின் ஆவடி மாநாடு நடந்தது 1955-இல். பரீட்சையில் இப்படி எழுதினால் முட்டைதான் போட்டிருப்பேன்.

1965-இல் இங்கே உருவான விஜயந்தாவில் இருந்தது பிரிட்டனின் லேலண்டு எல்-60 என்ஜின். 535 குதிரைத்திறன். அதன் பிறகு அர்ஜுன். 1974-இல் ஒப்புதல் கிடைத்தபோது சொந்தமாக 1500 குதிரைத்திறன் என்ஜின் செய்வதாகத்தான் பேச்சு. கைகூடவில்லை. ஜெர்மனியின் எம்.டி.யு. என்ஜினை வாங்கினோம். அங்கும் இதே கதைதான்: லெப்பர்டு-1 டாங்கியில் பல்சக்கர ஊதியோடு 830 குதிரைத்திறன் தந்த 10 சிலிண்டர் என்ஜினின் குடும்பம், டர்போவோடு அர்ஜுனில் 1400 ஆனது. அர்ஜுன் அந்நிய என்ஜினில் ஓடுகிறது என்று கேலி செய்பவர்கள், உலகில் ஒரு சில நாடுகளுக்குத்தான் இந்த வித்தை கைவந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1987-இல் ஆவடி என்ஜின் தொழிற்சாலை தொடங்கியது. உங்களில் சிலருடைய அப்பாக்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். 2018 ஜூலை 28 அன்று 780, 1000 குதிரைத்திறன் என்ஜின்கள் இரண்டையும் உள்நாட்டுத் தயாரிப்பு என்று அறிவித்து, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் ராணுவத்திடம் ஒப்படைத்தார். 2024 மார்ச் 20 அன்று ஆவடி ஆய்வகத்தார் வடிவமைத்த 1500 குதிரைத்திறன் என்ஜின் மைசூரில் முதன்முதலாகச் சோதனையில் ஓடியது. 5000 மீட்டர் உயரத்திலும் இயங்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அர்ஜுனுக்கு நினைத்தது ஐம்பது வருடம் கழித்துக் கண்ணில் பட்டிருக்கிறது.

இதற்கிடையே டி-72-கள் இன்னும் 780-லேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு 1000 குதிரைத்திறன் என்ஜின் பொருத்த, 2025 மார்ச்சில் ரஷ்யாவோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். சில முழுசாக வரும், சில பாகங்களாக வரும். தொழில்நுட்பமும் ஆவடிக்குத் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1000 குதிரைத்திறன் என்ஜினை 2018-இல் இங்கேயே செய்துவிட்டோம் என்று கைதட்டிய நமக்கு இந்தச் செய்தி உறுத்தத்தான் வேண்டும். எனக்கு உறுத்துகிறது. அந்த ஷாப்பில் நின்று வேலை பார்த்தவர்கள் இந்தக் குழுவில் ஆறேழு பேராவது இருப்பீர்கள். ரகசியம் எதுவும் வேண்டாம். சொல்லக்கூடியதைக் கீழே எழுதுங்கள்.