கொழும்புக்கு வந்த ஸ்விங் இசை

கதை ஏதுமின்றிப் பாட்டையும் ஆட்டத்தையும் அடுத்தடுத்துக் கோத்து மேடையேற்றும் நிகழ்ச்சியை நாம் கதம்பம் என்போம். அமெரிக்காவின் ஸ்விங் காலத்து ஜாஸ், புளூஸ் பாடல்களைத் தொகுத்து வழங்கும் 'ரெவியூ' எனும் மேடை நிகழ்ச்சியும் அத்தகையதே. மினுங்கும் உடைகளும் துள்ளும் தாளமும் எவரையும் கவரும். ஆனால் அப்பாடல்கள் வளர்ந்த மேடையின் வரலாறு அவ்வளவு இனிமையானதன்று.

நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் கொட்டன் கிளப் என்றோர் இரவு விடுதி இருந்தது. 1927 டிசெம்பரில் டியூக் எலிங்டனின் வாத்தியக்குழு அங்கு வாசிக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற லீனா ஹோர்ன், 1933இல் தமது 16ஆவது வயதில் அங்கே ஆடற்குழுவில் சேர்ந்தார். மேடையில் நின்றவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். சபையில் அமர்ந்தவர்களோ வெள்ளையர். தம் உறவினரை முன்வரிசையில் இருத்திப் பாடும் பேறு அக்கலைஞர்களுக்கு இருக்கவில்லை.

கடல் கடந்து அவ்விசையைக் கொழும்புக்குக் கொண்டுவந்ததில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நிலையம் இயங்கியது. போருக்குப் பின் அது இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டு, ரேடியோ சிலோனின் வளர்ச்சிக்கு வழிகோலியது. பிறகு இசைக்கலைஞர்களே நேரில் வந்தனர். 1958இல் டேவ் புரூபெக் குழுவினர் இலங்கை வந்தனர்.

1963ஆம் ஆண்டு நம்மைப் போல் நூற்றாண்டு கொண்டாடுவோர் நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்காவில் அடிமைகளின் விடுதலைப் பிரகடனம் வெளியாகி 100 ஆண்டுகள் நிறைந்தன. அதையொட்டி, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் சிக்காகோவில், 'மை பீப்பிள்' என்ற இசை மேடை நிகழ்ச்சியை எலிங்டன் எழுதி, இசையமைத்து, அரங்கேற்றினார். தேவாலயப் பாடலும் புளூசும் ஜாசும் அதில் இடம்பெற்றன. அந்த மே மாதம் அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகரில் பாடசாலைப் பிள்ளைகள் சம உரிமை கோரி ஊர்வலம் போனார்கள். அவர்கள்மீது நாய்கள் ஏவப்பட்டன, தண்ணீர் பீய்ச்சியடிக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தைப் பற்றிய பாடலும் அந்நிகழ்ச்சியில் ஒலித்தது.

அடுத்த மாதமே எலிங்டன் குழுவை அமெரிக்க அரசு ஆசியச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. செப்டெம்பர் 15ஆம் திகதி பேர்மிங்ஹாம் தேவாலயம் ஒன்றில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் மாண்டனர். ஒருத்திக்கு வயது 11, மற்ற மூவருக்கும் 14. அந்த நாட்டின் நல்லெண்ணத் தூதராகவே எலிங்டன் காபூல், டெல்லி, சென்னை, கல்கத்தா, கொழும்பு எனப் பயணித்தார். நவம்பரில் ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதோடு பயணம் இடைநின்றது. அப்பயண அனுபவத்திலிருந்து எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹோர்னும் 'ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற இசைத்தொகுப்பைப் படைத்தனர்.

விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடிய மேடையில், இன்னும் கிட்டாத விடுதலையையும் எலிங்டன் பாட வைத்தார். நூற்றாண்டு மேடை ஏறும் நமக்கும் அது பொருந்தும். கடந்து வந்த பாதையைப் போற்றுவோம். வாயிலுக்கு வெளியே நின்றவர்களையும் மறவாதிருப்போம்.